பம்பு "கொடுத்தாச்சு" என்கிறது, சுகர் ஏறிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?

#1 நீலவானம்

வணக்கம். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்து பதினோரு வருஷம். இத்தனை நாளும் பேனா ஊசிதான். டியூப் வைத்த இன்சுலின் பம்புக்கு மாறி ஐந்து வாரம் ஆகிறது. சுகரை அளக்கும் சென்சாரைப் பார்த்துப் பம்பே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி முறையை இன்னும் ஆரம்பிக்கவில்லை, முதலில் கையால் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சாயங்காலம் 7 மணிக்குப் புது செட் (டியூபும், உடம்பில் ஒட்டும் முனையும்) மாற்றினேன். 8:30க்குச் சாப்பாட்டுக்கு 6.5 யூனிட் போலஸ், அதாவது ஒரே தடவையாகக் கொடுக்கும் இன்சுலின். 10 மணிக்கு சுகர் 240. கார்ப் (மாவுச்சத்து) கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, சுகரை இறக்க 2.2 யூனிட் கரெக்‌ஷன் கொடுத்தேன். 11:30க்கு 310. மறுபடி கேட்டால், உடம்பில் இன்னும் இன்சுலின் மிச்சம் இருக்கிறது, 0.4 யூனிட் போதும் என்கிறது பம்பு. கொடுத்துவிட்டுப் படுத்தேன். 1:30க்கு நாக்கு வறண்டு, வயிற்றைப் புரட்டிக்கொண்டு எழுந்தேன். 368.

வயிற்றில் ஒட்டியிருந்த செட்டை உரித்துப் பார்த்தேன். உள்ளே நேராக இறங்கியிருக்க வேண்டிய கேனுலா என்கிற மெல்லிய குழாய், தோலோடு படுத்து "ட" மாதிரி மடங்கிக் கிடந்தது. ஒட்டுப் பட்டை சொதசொதவென்று ஈரம். பனியனை முகர்ந்தால் இன்சுலின் வாசனை. கொடுத்தது எல்லாம் பனியனுக்குத்தான் போயிருக்கிறது.

ஒரு தடவைகூட அலாரம் அடிக்கவில்லை. பம்பின் வரலாற்றில் 6.5, 2.2, 0.4 மூன்றுக்கும் எதிரே "கொடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பேனா என்றால் ஊசி உள்ளே போனதை என் விரலே உணரும். இதில் எதை நம்பித் தூங்குவது? திரும்பப் பேனாவுக்கே போய்விடலாமா?

#2 குட்டிப்புலி அம்மா

வாசிச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு. இப்ப எப்படி இருக்கீங்க? ரத்தத்துல அமிலம் சேருதான்னு கீட்டோன் பார்த்தீங்களா?

என் மகளுக்கு எட்டு வயசு, பம்பு வச்சு மூணு வருஷம். அந்த வாசனை எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். புதுசாப் பிரிச்ச பிளாஸ்டர் மாதிரி, டெட்டால் மாதிரி ஒரு வாசனை. சுகர் காரணமில்லாம ஏறினா நான் மொதல்ல செய்யறது அவ வயித்துப் பக்கம் குனிஞ்சு மோந்து பார்க்கறதுதான். அவளே இப்ப சட்டையைத் தூக்கி "அம்மா, வாசனை வருதா பாரு"ன்னு வந்து நிப்பா.

எங்க அனுபவத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சாயங்காலத்துக்கு மேல செட் மாத்தவே மாட்டோம். காலைல மாத்துவோம், இல்ல பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாத்துவோம். மாத்தினதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம், ஒரு வேளை சாப்பாடு, அவ முழிச்சிருக்கணும். புது செட் வேலை செய்யுதான்னு தெரிய அதுதான் வழி. ராத்திரி மாத்திட்டுத் தூங்கினா அது தெரியறதுக்குள்ள விடிஞ்சிடும்.

#3 நெடுவழி

நீலவானம், முதலில் ஒன்று. நீங்கள் எதுவும் தப்புச் செய்யவில்லை. 22 வருடமாகப் பம்பு வைத்திருக்கிறேன், எனக்கும் இது நடந்திருக்கிறது, இனியும் நடக்கும்.

பம்புக்குள் இருப்பது ஒரு மோட்டார். அது பிஸ்டனை நூல் நூலாகத் தள்ளுகிறது. 1 யூனிட் என்பது 0.01 மில்லிலிட்டர், 6.5 யூனிட் என்றாலும் ஒன்றிரண்டு துளிதான். எத்தனை தள்ளினோம் என்பது பம்புக்குத் துல்லியமாகத் தெரியும். தள்ளும்போது எதிர்ப்பு இருக்கிறதா என்பதும் தெரியும். அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. உங்கள் கேனுலா தோல் மட்டத்தில் மடங்கி, இன்சுலின் வெளியே கசிந்துவிட்டது. கசிவில் எதிர்ப்பே கிடையாது. பம்பைப் பொறுத்தவரை வேலை சுத்தமாக நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் அலாரம் இல்லை.

முழுதாக அடைத்துக்கொண்டால் அலாரம் வரும், ஆனால் உடனே வராது. டியூபுக்குள் அழுத்தம் சேர வேண்டும். மணிக்கு 0.5 யூனிட் பேசல் (நாள் முழுக்கச் சிறுகச் சிறுகப் போகும் அடிப்படை இன்சுலின்) போகிறவருக்கு அது சேரப் பல மணி நேரம் பிடிக்கலாம். குட்டிப்புலி மாதிரிச் சின்னக் குழந்தைகளுக்குப் பேசல் இன்னும் குறைவு, அலாரம் இன்னும் தாமதமாகும்.

11:30க்கு 0.4 போதும் என்றதே, பம்பு தான் எழுதிய கணக்கைத் தானே நம்பியது. 6.5ம் 2.2ம் உங்கள் உடம்பில் ஓடுவதாகவே அதற்கு நினைப்பு.

பேனாக்காரருக்கு இது ஏன் இத்தனை ஆபத்தாக ஆவதில்லை என்றால், அவர் போட்ட நீண்ட நேர இன்சுலின் தோலுக்கடியில் சேமிப்பாக இருக்கும். பம்பில் ஓடுவது வேக இன்சுலின் மட்டும். வரத்து நின்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் உடம்பு காலி. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்க, கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும். 1978இல் லண்டனில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர் தோலுக்கடியில் தொடர்ந்து இன்சுலின் செலுத்தும் முறையை எழுதிய காலத்திலிருந்து இந்த ஒரு பலவீனம் கூடவே வருகிறது. 1960களில் ஆர்னால்ட் காடிஷ் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. ஆனாலும் தோலுக்கடியில் கேனுலா போகும் கடைசி 6 மில்லிமீட்டரில் நடப்பது இன்றைக்கும் நம் பொறுப்பு.

நான் கடைப்பிடிப்பது இது. காரணமில்லாமல் 250க்கு மேல் போனால் விரலில் குத்தி உறுதி செய்வேன், கீட்டோனும் பார்ப்பேன். ரத்தக் கீட்டோன் 0.6க்குக் கீழே இருந்தால் பம்பிலேயே ஒரே ஒரு கரெக்‌ஷன். ஒன்றரை மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் பம்புக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பேனாவில் ஊசி, அதன் பிறகு புது செட். அந்த வரிசை மாறக்கூடாது. கீட்டோன் 0.6ஐத் தாண்டியிருந்தால் முதலிலேயே பேனாதான். 1.5ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுவேன். 3ஐத் தொட்டாலோ வாந்தி நிற்கவில்லை என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, மருத்துவமனை. எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். நடுராத்திரியில் 368ஐ வைத்துக்கொண்டு யாருக்கும் கணக்கு ஓடாது.

#4 பேனாவே போதும்

நெடுவழி ஐயா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ஆனால் நீலவானம் கடைசியில் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். திரும்பிப் போகலாம். அதில் தோல்வி எதுவும் இல்லை.

நான் 14 மாதம் பம்பு வைத்திருந்துவிட்டுப் பேனாவுக்குத் திரும்பியவன். ஒட்டுப் பட்டை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகத் தடித்து, ஆறுவதற்குள் அடுத்த செட் வைக்க வேண்டியிருந்தது. ராத்திரி அலாரத்தில் நான் எழுகிறேனோ இல்லையோ, மனைவி எழுந்துவிடுவாள், அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் வராது. இவையெல்லாம் சின்ன விஷயம் என்று பம்பு வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். தினமும் நடந்தால் சின்ன விஷயம் இல்லை.

பம்பு உயர்ந்தது, ஊசி பழசு என்று ஒரு பேச்சு இருக்கிறது. சுகரைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பிழைக்கும் என்று 1993இல் நிரூபித்த டி.சி.சி.டி ஆய்வில், தீவிர சிகிச்சைக் குழுவில் பம்பு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், நாளுக்கு மூன்றும் அதற்கு மேலும் ஊசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். எனக்குப் பம்பில் வந்த ஏ1சியும் (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் அளவு) இப்போது பேனாவில் வருவதும் ஒன்றேதான்.

#5 ஓட்டக்காரி

அண்ணா சொல்வது அவருக்குச் சரி. எனக்குப் பேனாவில் முடியவே முடியாத ஒன்று இருக்கிறது: விடியற்காலை. மூன்று மணிக்கு மேல் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் ஏற, எனக்குச் சுகர் படியேறுவது போல ஏறும். 110இல் படுத்து 230இல் எழுவேன். நீண்ட நேர இன்சுலினைக் கூட்டினால் நள்ளிரவில் சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகும். பம்பில் 3 மணியிலிருந்து 7 மணி வரை பேசலை 0.7இலிருந்து 1.1ஆக ஏற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது தானியங்கி முறையில் அதுவே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. காலையில் 115, 120 என்று எழுந்த முதல் வாரம் அழுதேன். வேறு எதற்கும் இல்லை, தலை பாரமாக இல்லாமல் எழுந்ததற்கு.

ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பம்பின் சுகர் இலக்கை ஏற்றி வைத்துவிடுவேன். ஓட ஆரம்பித்தபின் குறைத்தால் பிரயோஜனம் இல்லை, அதற்கு முன் போன இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கும். முழுக்கக் கழற்றிவைத்து ஓடுகிறவர்களும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றிவைத்தால் எனக்குப் பிறகு ஏறிவிடுகிறது.

நீலவானம், தானியங்கி முறைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். செட் கெட்டுப்போனால் அது உங்களுக்குச் சொல்லாது. சுகர் ஏறுகிறதே என்று இன்னும் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். திரையில் தானாகக் கொடுத்த அளவு வழக்கத்தைவிட உச்சத்தில் இருந்து, சுகரும் இறங்கவில்லை என்றால், அதுதான் உங்கள் அலாரம்.

#6 நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, அன்றைக்குக் கீட்டோன் பார்க்கவில்லை. சோதனைப் பட்டையே வீட்டில் இல்லை. பேனாவில் ஊசி போட்டு, செட் மாற்றி, தண்ணீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடியும்போது 190. இப்போது பட்டை வாங்கிவிட்டேன்.

பேனாவே போதும் அண்ணா, "தோல்வி எதுவும் இல்லை" என்று நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததாலோ என்னவோ, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, கேனுலா மடங்காமல் இருக்க வழி உண்டா? இரண்டு, அன்று பேனாவில் ஊசி போட்ட பிறகு பம்பு வேறு தன் கணக்கில் கரெக்‌ஷன் கேட்டது. அதற்குப் பேனா ஊசி தெரியாதே, என்ன செய்வது?

#7 நெடுவழி

இரண்டாவது முக்கியம், அதை முதலில் சொல்கிறேன். செட் கெட்டுப்போன அன்று பம்பின் கணக்கு இரண்டு பக்கமும் பொய். உடம்புக்குள் போகாததைப் போனதாக எழுதியிருக்கிறது, பேனாவில் போனதை எழுதவே இல்லை. சில பம்புகளில் பேனா ஊசியைக் கையால் பதிவு செய்ய வழி உண்டு. இல்லையென்றால் காகிதத்தில் நேரமும் யூனிட்டும் எழுதி வையுங்கள், அடுத்த நான்கு மணி நேரம் அந்தக் காகிதம்தான் கணக்கு. தானியங்கி முறையில் இருப்பவர்கள் அதுவரை அதை நிறுத்தி வைப்பது நல்லது. ஓட்டம் சாதாரண பேசலில் இருக்கட்டும். இல்லையென்றால் பேனா ஊசியின் மேலே பம்பும் கொடுத்து, விடியற்காலையில் லோவில் கொண்டுபோய் விடும்.

மடங்குவது பற்றி. மெல்லிய உடம்பு, தசை இறுகிய இடம், இரண்டிலும் நேராக இறங்கும் மெத்தென்ற கேனுலா மடங்க வாய்ப்பு அதிகம். சாய்வாக நுழையும் செட் உண்டு. உலோக ஊசியே உள்ளே இருக்கும் செட்டும் உண்டு. அது மடங்கவே மடங்காது, ஆனால் இரண்டு நாளில் மாற்றிவிட வேண்டும். உங்கள் டாக்டரிடம் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

இடம் மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் கேட்டுத் தலையாட்டியவன்தான். தொப்புளுக்கு வலப்பக்கம் நான்கு விரல் தள்ளி ஓர் இடம் எனக்கு வலிக்கவே வலிக்காது. வருஷக்கணக்கில் அங்கேயே வைத்தேன். ஒரு நாள் படுத்துக்கொண்டு கையால் தடவினால், தோலுக்கடியில் பாதி எலுமிச்சை அளவுக்கு ரப்பர் மாதிரி ஒரு கட்டி. வலிக்காததற்குக் காரணமே அதுதான். அதற்குள் போன இன்சுலின் ஒரு நாள் தாமதமாக உறிஞ்சும், ஒரு நாள் மொத்தமாக இறங்கும். என் சுகருக்கு என்னவெல்லாமோ காரணம் தேடியிருந்தேன். அந்த இடத்தை விட்டு ஓர் ஆண்டு ஆன பிறகுதான் கட்டி கரைந்தது. மாதம் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நிரப்பாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிரோடு நிரப்பினால் சூடேறும்போது காற்றுக் குமிழி உண்டாகும், குமிழி இருக்கும் நீளத்துக்கு இன்சுலின் இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். டியூபை நிரப்பும்போது அது உடம்பில் மாட்டியிருக்கவே கூடாது. டியூபை நிரப்ப ஓடும் அளவு நேராக உங்களுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அரைத்தூக்கத்தில் செட் மாற்றுகிறவர்கள் "கழற்றிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். 22 வருடமாக நான் சொல்லிக்கொண்டுதான் அழுத்துகிறேன்.

#8 மழைத்துளி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் பம்பு வைக்கப்போகிறார்கள். குளிக்கும்போது, ஸ்கேன் எடுக்கும்போது என்ன செய்வீர்கள்? தூங்கும்போது எங்கே வைப்பீர்கள்? சிரிக்காதீர்கள், இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

#9 ஓட்டக்காரி

யாரும் சிரிக்க மாட்டோம், எல்லோரும் கேட்டதுதான். டியூப் பம்பைக் குளிக்கும்போது கழற்றிவிடலாம், செட் மட்டும் உடம்பில் இருக்கும். குளித்ததும் மாட்ட மறக்காதீர்கள், கழற்றிய பம்பைத் துண்டின் மேலேயே வையுங்கள். எம்.ஆர்.ஐ அறைக்குள் பம்பு போகவே கூடாது. எக்ஸ்ரே, சி.டி எடுக்கும்போதும் கழற்றிவிடுங்கள். விமான நிலையத்தில் பையோடு எக்ஸ்ரே பெட்டிக்குள் விடாமல், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தூக்கத்தில் நான் இடுப்புப் பட்டையில் வைப்பேன். முதல் வாரம் டியூபைப் பற்றியே நினைப்பாக இருக்கும், பிறகு உங்களை அறியாமல் அதோடு சேர்ந்தே புரளுவீர்கள்.

#10 குட்டிப்புலி அம்மா

மழைத்துளி, சென்சாரும் வைப்பீங்கன்னா இதையும் கேட்டுக்கோங்க. என் மக சென்சார் இருக்கற கை மேல படுத்தா, அழுத்தத்துல அது 55, 50ன்னு பொய்யா காட்டும். ஆரம்பத்துல அலாரம் அடிச்ச உடனே தூக்கத்துலயே எழுப்பிப் பழச்சாறு குடிக்க வச்சிருக்கேன். அரை மணி நேரத்துல 260. பாவம் புள்ள. இப்ப மொதல்ல மெல்லப் புரட்டிப் படுக்க வச்சு விரல்ல பார்க்கறேன். நெஜமாவே லோன்னா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி விரல். சென்சார் தோலுக்கடியில இருக்கற நீரைத்தான் பார்க்குது, ரத்தத்தை இல்ல. வேகமா ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் சொல்லும்.

அதனால நீலவானம் கேட்டதுக்கு என் பதில்: நான் பம்பையும் முழுசா நம்பறதில்ல, சென்சாரையும் முழுசா நம்பறதில்ல. ரெண்டும் ஒண்ணு சொல்லி, புள்ள முகமும் அதையே சொன்னா நிம்மதியாப் படுப்பேன். மூணுல ஒண்ணு மாறினா விரல்ல குத்திடுவேன்.

#11 பேனாவே போதும்

பம்பை விட்டவன் சொல்கிறானே என்று நினைக்காமல் இதையும் கேளுங்கள். எனக்கு ஒரு நாள் பம்பே மொத்தமாக நின்றுபோனது. திரை கறுப்பு. மாற்றுப் பம்பு வர இரண்டு நாள் ஆயிற்று. வீட்டில் நீண்ட நேர இன்சுலின் இருந்தது, எடுத்துப் பார்த்தால் காலாவதியாகி எட்டு மாதம். பேசல் அளவு, கார்ப் விகிதம் எல்லாம் அந்தக் கறுப்புத் திரைக்குள். எனக்கு ஒன்றுகூட மனப்பாடமாகத் தெரியவில்லை.

அதனால் அளவுகள் முழுவதையும் காகிதத்தில் எழுதி வையுங்கள், டாக்டர் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள். பம்பு நின்றால் நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் கேட்டு அதே காகிதத்தில் எழுதுங்கள். காலாவதித் தேதியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் அதைத் தொடவே கூடாது.

#12 நீலவானம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

காகிதம் எழுதி, ஒன்றைப் பர்ஸிலும் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் வைத்திருக்கிறேன். சாய்வு செட்டுக்கு மாறியாயிற்று. செட் மாற்றுவது காலையில்தான்.

நேற்று ராத்திரி 2:10க்கு சென்சார் அலாரம். 284. விரலில் 291. கீட்டோன் 0.9. செட் இரண்டாம் நாள்தான், ஈரமும் இல்லை, வாசனையும் இல்லை. பழைய நான் என்றால் பம்பில் இன்னொரு கரெக்‌ஷன் கொடுத்துப் பார்த்திருப்பேன். காகிதத்தைப் பார்த்துப் பேனாவில் 4 யூனிட் போட்டேன், அதன் பிறகு புது செட்டைத் தொடையில் வைத்தேன். "கழற்றிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் டியூப் நிரப்பினேன், நெடுவழி ஐயா. 3:40க்கு 238, கீட்டோன் 0.5. 5 மணிக்கு 171, கீட்டோன் 0.2. பிறகு ஏழரை வரை தூங்கினேன்.

காலையில் பழைய செட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேனுலா நேராகத்தான் இருந்தது. நுனியில் மட்டும் கடுகளவு ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பம்பின் வரலாற்றை அப்புறம்தான் திறந்தேன். எல்லாவற்றுக்கும் எதிரே "கொடுக்கப்பட்டது".

தொடையில் வைத்தது இதுவே முதல் தடவை. வயிற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியுமா?

#13 நெடுவழி

தெரியும். தொடையில் வயிற்றைவிட மெதுவாக உறிஞ்சும், ஆனால் நடந்தால் வேகம் கூடிவிடும். இன்று மாலை நடக்கப் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள், பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். வந்ததும் எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள்.